மாப்பிள்ளையின் கண்

எல்லைக்குப் போகவிருந்த தானியங்கித் துப்பாக்கிக்கு ஆய்வகத்தில் வைத்த பெயர் மாப்பிள்ளை. குளிர்சாதன அறை, தூசி படாமல் போர்வை, லேசாக முனகினால்கூடப் பத்துப் பேர் பதறி ஓடுவது. வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அதன் கேமரா வருகிற ஆளைப் பார்த்து, நம்மவனா எதிரியா என்று தானே முடிவு செய்யும், தானே சுடும். நடுவில் மனிதன் கை வைக்கக் கூடாது, அப்போதுதான் எதிரி நடுங்குவான், நம் சிப்பாய்களின் உயிரும் போகாது என்பது ஆய்வக இயக்குநரின் கொள்கை.

அந்தக் கண்ணுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் படக்காரி. நாள் முழுக்கப் படங்களைப் பார்த்து ஒவ்வொரு உருவத்துக்கும் ‘நம்மவர்’, ‘எதிரி’ என்று குறிப்பது அவள் வேலை.

படம் எடுக்க எதிரி வந்தா நிற்பான்? நம் சிப்பாய்களையே எதிரியாக நடிக்க வைத்தார்கள். குனிந்து ஓடினார்கள், தவழ்ந்தார்கள், புதரில் பதுங்கினார்கள். அதில் படக்காரியின் தம்பியும் ஒருவன். “அக்கா, உன் கையாலயே என்னை எதிரியாக்கிட்டியே” என்று வீட்டில் சிரிப்பான். நம்மவர் படங்களை எடுத்ததோ அணிவகுப்பு மைதானத்தில். நெஞ்சை நிமிர்த்திக் கை வீசி நடந்தால் நம்மவன், குனிந்து ஓடினால் எதிரி. மாப்பிள்ளை கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

எல்லையில் எந்தச் சிப்பாய் கை வீசி நடப்பான்? மாப்பிள்ளையோடு போகும் படைப்பிரிவில் தம்பியும் இருக்கிறான் என்று தெரிந்த அன்றுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. இயக்குநரிடம் ஓடினாள்.

“சார், இது நம்ம பசங்களையே சுட்டுடும்.”

“ஏம்மா, நாளைக்கு இதைப் பார்க்க அமைச்சர் வர்றாரு, இப்பப் போய் இதைக் கிளப்புறியே? அடுத்த தடவை சரி பண்ணிக்கலாம்.”

“அடுத்த தடவைக்கு என் தம்பி உயிரோட இருக்கணுமே சார்.”

“உன் தம்பிக்காக நாட்டோட பாதுகாப்பை நிறுத்தச் சொல்றியா?”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் நாட்டைப் பற்றிப் பாடம் எடுக்கிறான். வெளியே வந்து தம்பிக்கு போன் போட்டாள். “நாளைக்கு அமைச்சர் முன்னாடி நீங்க நடந்து காட்டும்போது பாதி வழியில குனிஞ்சு ஓடுடா. எல்லையில எப்படி ஓடுவியோ, அப்படி.”

மறுநாள் மைதானத்தில், பத்திரிகைக்காரர்களைத் தூரத்தில் கயிறு கட்டி நிறுத்திவிட்டு, அமைச்சருக்கு மாப்பிள்ளையைக் காட்டினார்கள். துப்பாக்கியில் குண்டு போடவில்லை. நம்மவர் என்றால் பச்சை விளக்கு, சுட வேண்டிய ஆள் என்றால் சிவப்பு. சிப்பாய்கள் மிடுக்காக நடந்து வர, பச்சை எரிந்தது. அமைச்சர் கை தட்டினார். பாதி வழியில் தம்பி சட்டென்று குனிந்து ஓடினான். சிவப்பு. அவன் ஓடிய பக்கமெல்லாம் துப்பாக்கியின் கழுத்து திரும்பியது.

“அவன் எதிரியா நடிக்கிறான் ஐயா, என்ன கூர்மை பாருங்க!” என்றார் இயக்குநர், கூசாமல்.

“பொய்!” என்று கத்திவிட்டாள். “அவன் என் தம்பி, நம்ம சிப்பாய். குனிஞ்சு ஓடுற யாரா இருந்தாலும் இது சுட்டுடுங்க ஐயா.”

அமைச்சர் யோசித்தார். புரிந்துகொண்டார் என்றே அவள் நம்பினாள்.

“இது எதிரிக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க ஐயா” என்றார் இயக்குநர்.

“தெரியாத வரைக்கும் பயப்படுவான்ல? அப்புறம் என்ன, அனுப்புங்க.”

“அப்ப என் தம்பி?”

“நாட்டைக் காப்பாத்தணும்னா நாலு உயிர் போகத்தாம்மா செய்யும்.”

“உயிர் போகாம இருக்கத்தானேங்க இந்த மெஷின்னு சொன்னீங்க?”

அமைச்சர் அதற்குள் எழுந்து காரை நோக்கி நடந்திருந்தார். இயக்குநர் அவள் காதருகே வந்து பல்லைக் கடித்தார். “இங்க நடந்தது வெளிய போச்சுன்னா தேசத்துரோகம். ஜெயில்தான். தெரியுமில்ல?”

தெரியும். நன்றாகவே தெரியும். மைதானத்தின் மறு கோடியில் மூச்சு வாங்க நின்ற தம்பி, வேண்டாம் அக்கா என்று கையை ஆட்டினான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று நடந்து, பத்திரிகைக்காரர்களை நிறுத்தி வைத்திருந்த கயிற்றருகே போய் நின்றாள்.

“எழுதிக்கோங்க. இந்தத் துப்பாக்கிக்கு நம்ம ஆளையே அடையாளம் தெரியாது.”

எதிரிக்கும் கேட்கட்டும் என்று, உரக்கவே சொன்னாள்.