உள்ளே ஊதிய ஃபேன்

ஜெபின் ஐந்தரைக்கு எழுந்தான். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்தான். ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தான். வாளியையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கம்பி கட்டி, திருவிழாவுக்கு வைத்த பழைய ஃப்ளெக்ஸ் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். அதன் மறைவில் எட்டுச் சொம்பு தண்ணீர். பிறகு துண்டு. சட்டை. ஏழேகாலுக்கு எர்ணாவூர் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. இன்று அவன் போகவில்லை. லீவு சொல்லியிருந்தான்.

பாத்ரூம் இல்லாமலில்லை. பாதியில் நின்றுபோயிருந்தது. பழைய சிமெண்டுத் தரையை உடைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவன் மனைவி ஷெர்லின்தான். மூன்று சுவருக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். நான்காவது சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஓட்டை போட்டார்கள். அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். டெங்கு. ஐந்தாம் நாள் அவள் இல்லை. மேஸ்திரி வந்து மிச்சமிருந்த சிமெண்டு மூட்டைகளை எடுத்துப் போனார். ஜெபின் ஓட்டையில் ஒரு தலையணையைத் திணித்துவைத்தான். அதோடு சரி. பதினொரு மாதம்.

இப்போது வேலை மறுபடி தொடங்கியதற்குக் காரணம் அத்தை தங்கபுஷ்பம், ஷெர்லினின் அம்மா. ஞாயிற்றுக்கிழமை முதலாம் ஆண்டு நினைவு ஜெபம், இதே வீட்டில். "அறுபது பேரு வாராவ மாப்ள. எல்லாரையும் ஃப்ளெக்ஸுக்குப் பின்னால அனுப்புவீயளா?" என்று கேட்டாள். போன வாரம் டைல்ஸ் ஆள் வந்துபோனான். இன்று ஃபேன்.

அத்தையிடம் இன்னொரு வேலையும் பாக்கியிருந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். நினைவு அட்டையில் போட்டோவுக்குக் கீழே, இறந்தவர் கடைசியாகச் சொன்னதை அச்சிடுவார்கள். பெரியப்பாவின் அட்டையில் ஒரு சங்கீத வசனம். சித்தியின் அட்டையில் 'பிள்ளைகளா, சண்டை போடாதீங்க.' ஷெர்லின் கடைசியாகப் பேசியது ஜெபினிடம் மட்டும்தான், ஆஸ்பத்திரியில், ஸ்ட்ரெச்சரில் உள்ளே போகும்போது. அத்தை பலமுறை கேட்டுவிட்டாள். அவன் ஒவ்வொரு முறையும் ஞாபகமில்லை என்றான்.

பொய். எழுத்துப் பிசகாமல் ஞாபகமிருந்தது. அது அட்டையில் போடுகிற சமாச்சாரமில்லை. ஒரு ஜெபமோ, 'அம்மா' என்ற ஒரு வார்த்தையோ கிடைக்காதா என்று காத்திருக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது?

அச்சகத்தில் கொடுத்த மாதிரித் தாளோடு அத்தை ஒன்பது மணிக்கு வந்தாள். போட்டோ இருந்தது. கீழே இடம் வெறுமையாக இருந்தது. "சாயங்காலத்துக்குள்ள பிரஸ்ஸுல சொல்லணும் மாப்ள," என்றாள். "ஒரு வார்த்தையாவது ஞாபகம் வரலியா?"



நல்லவேளை, அப்போது யசோதரா வந்து சேர்ந்தாள். வியாசர்பாடிக்காரி. மாமனார் தவசிமுத்துவின் எலெக்ட்ரிகல் கடை அனுப்பும் ஆட்களில் அவளுடைய வேலைதான் சுத்தம் என்று பெயர். பரணிலிருந்து ஃபேனை இறக்கித் தூசு தட்டினாள். ஷெர்லின் அப்பா கடையிலிருந்து தானே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த ஃபேன்.

"கண்டன்சர் உப்பிப் போச்சு சார். கடல் காத்து. புச்சு போட்ணும்," என்று பையிலிருந்து ஒன்றை எடுத்தாள்.

"குடுங்க. நான் கனெக்ட் பண்றேன்."

"உங்களுக்கு இன்னாத்துக்கு சார் இந்த பேஜாரு?"

"எம்.எஸ்சி. படிச்சிருக்கேன்."

"கெமிஸ்ட்ரினு கடைல சொன்னாங்க."

"பிசிக்ஸும் ரெண்டு பேப்பர் இருந்தது."

"ரெண்டு பேப்பரா? அப்ப நானு ஏணியப் பிட்ச்சிகினு நிக்கிறேன். மெயின் ஆஃப்ல கீது, செத்துலாம் போ மாட்டீங்க," என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜெபின் கவனிக்காதவன்போல ஸ்க்ரூ டிரைவருக்குக் கை நீட்டினான்.

மோட்டாரிலிருந்து மூன்று ஒயர்கள் வந்தன. ஒன்று நியூட்ரலுக்கு. மற்ற இரண்டில் ஒன்றுக்குக் கரண்டு நேராகப் போகவேண்டும், இன்னொன்றுக்குக் கண்டன்சர் வழியாக. ஜெபின் முறுக்கினான், டேப் சுற்றினான், ஃபேனை ஓட்டையில் பொருத்தினான். யசோதரா மெயினைப் போட்டாள். அத்தை சுவிட்சைத் தட்டினாள்.

ஃபேன் சுற்றியது. சத்தமில்லாமல், அழகாக.

"ஸ்தோத்திரம்," என்றாள் அத்தை. உடனே மூக்கைச் சுளித்தாள். "என்னது, கருவாட்டு நாத்தம்?"

சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கெங்கம்மாவின் மாடி. அங்கே கோணி விரித்து நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் காற்று முழுவதும் புது பாத்ரூமுக்குள் ஊதிக்கொண்டிருந்தது.

"உல்டாவா சுத்துது சார். ரெண்டு ஒயரையும் மாத்திக் குட்த்துட்டீங்க," என்றாள் யசோதரா. "ரெண்டு பேப்பர்லயும் பாஸா?"

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "யாரும்மா அது நாத்தம்ன்றது? வஞ்சிரமா காயப் போடுவாங்க? நெத்திலி அப்டிதான் இர்க்கும்."

ஜெபின் எதையும் யோசிக்கவில்லை. அத்தையின் கையிலிருந்த தாளை வாங்கி ஃபேன் வலைக்கு முன்னால் பிடித்தான். தாள் படபடத்துக் கை நழுவிப் பறந்துபோய் அத்தையின் முகத்தில் அப்பிக்கொண்டது. யசோதரா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். ஜெபின் தானே மெயினை அணைத்து, ஏணியில் ஏறி, இரண்டு ஒயரையும் மாற்றிக் கட்டினான். மறுபடி சுவிட்ச். மறுபடி தாள். இந்த முறை தாள் வலையில் சப்பென்று ஒட்டிக்கொண்டது. கையை எடுத்த பிறகும் விழவில்லை. வலையிலிருந்து ஷெர்லின் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருவாட்டு வாசனை போய்விட்டது. அத்தை மட்டும் அசையாமல் நின்றாள்.

"மாப்ள, பேப்பரு ஒட்டுதான்னு பாக்கது எங்க கடைப் பழக்கம். யாவாரத்துக்கு ஒரு ஃபேன் வெளிய போனாலும் அவ அப்பா பேப்பரு வச்சுதான் அனுப்புவாரு. உங்களுக்கு யாரு சொன்னா?"

"ஷெர்லின்."

"எப்போ?"

 

"ஸ்ட்ரெச்சர்ல போகும்போது," என்றான். "கடைசியா அதுதான் அத்தை சொன்னா. ஃபேனைப் பத்தி. அதான் உங்ககிட்ட நான்..."

அவள் சொன்னதை அப்படியே சொன்னான்.

தங்கபுஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. ஜெபின் பயந்துபோய் ஏணியிலிருந்து இறங்கினான். அப்புறம்தான் அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வர, டைல்ஸ் அதிர, பாத்ரூம் எதிரொலிக்க. "அவளேதான். எம் மவளேதான்," என்றாள். யசோதராவும் அதற்குமேல் அடக்கவில்லை. "இன்னாம்மா அங்க கூத்து?" என்றாள் கெங்கம்மா. ஜெபினின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரண்டாவது முறை வந்தபோதுதான் அது தன் சிரிப்பு என்று அவனுக்கு அடையாளம் தெரிந்தது.

அத்தை வலையிலிருந்து தாளை உரித்தெடுத்தாள். சுவரில் அளவு குறிக்க யசோதரா காதில் செருகியிருந்த பென்சிலை வாங்கினாள். "இன்னொருக்க சொல்லுங்க மாப்ள. ஒரு எழுத்து விடக் கூடாது."

அவன் சொல்லச் சொல்ல, போட்டோவுக்குக் கீழே எழுதினாள்:

'அத்தான், பேப்பரப் பிடிச்சுப் பாக்காம அந்த ஃபேன மாட்டிராதீங்க. படிச்ச திமிர்ல மாட்டிருவீங்க, எனக்குத் தெரியும்.'