முகம் பொருந்தவில்லை

தினேஸ்வரி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான்காவது முறையாகக் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் வட்டம் சுற்றியது. பிறகு அதே பதில்தான்: முகம் பொருந்தவில்லை.

மூன்று நாளாக இந்தக் கூத்து. ஐந்து வருடமாக ஜெலாப்பாங் வட்டாரம் முழுக்கச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவள் அவள். தெருநாய்களுக்கே அவளைத் தெரியும். முகம் பொருந்தினால்தான் ஆர்டர் தரும் இந்தப் பாழாய்ப்போன செயலிக்குத் தெரியவில்லை. தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயிலில் மொட்டை போட்டதுதான் காரணம். புருஷன் மகேந்திரன் பக்கவாதத்தில் விழுந்தபோது, எழுந்து நடந்தால் முடி தருகிறேன் என்று முருகனிடம் வேண்டியிருந்தாள். கோல் ஊன்றியாவது நடந்துவிட்டான். இடுப்புவரை தொங்கிய முடியை இறக்கியபோது அழாதவள், இப்போது சாப்பாட்டுக் கடை வாசலில் உட்கார்ந்து அழுதாள். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"அழுவாதீங்கக்கா," என்றாள் கூட வண்டி ஓட்டும் மெலிண்டா. "புதுச் சட்டம் வந்துருச்சுலா. நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காம கம்பெனி வேலையை நிறுத்த முடியாது. புகார் போடுங்க."

போட்டாள். தொழிலாளர் அலுவலகத்து அதிகாரி பொறுமையாகக் கேட்டு, வியாழக்கிழமை விசாரணை, கோயிலில் கொடுத்த மொட்டைச் சீட்டையும் கொண்டுவா என்றார். தினேஸ்வரி சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினாள். அன்றைக்குத்தான் வயிற்றுக்குள் சோறு இறங்கியது.

மறுநாள் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. பதிவில் உள்ள தோற்றத்தோடு ஒரு படம் எடுத்தால் உடனே கணக்கைத் திறந்துவிடுவார்களாம். கீழே ஒரு கட்டம்: தவறு என்னுடையது, புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.

"வியாழன் வரைக்கும் பொறுங்கக்கா," என்று மெலிண்டா கெஞ்சினாள்.

"இன்னும் நாலு நாளு இருக்கு. அவருக்கு மருந்து முடியப் போவுது மெலிண்டா."

மணப்பெண் அலங்காரம் செய்யும் பக்கத்து வீட்டு வீரம்மாவிடம் ஒரு டோப்பா முடி இருந்தது. அதை மாட்டிக்கொண்டு வந்தவளை மகேந்திரன் ஏறிட்டுப் பார்த்தான். கோலை ஊன்றிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். சாமிக்குக் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது அவளுக்கு. ஆனாலும் படம் எடுத்தாள். வட்டம் பச்சையானது. கட்டத்தில் விரலை வைத்து அழுத்தினாள்.

இரண்டாவது ஆர்டர் ஒரு தொழிற்சாலைக்கு. வாசலில் வண்டியை நிறுத்தியதும் கைப்பேசி கிர்ரென்றது: ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டவும், ஒரு நிமிடத்துக்குள். இப்படி நடுவழியில் கேட்கும் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். அவசரத்தில் மறந்து தொலைத்திருந்தாள். ஹெல்மெட்டை இழுத்தாள். வியர்வையில் ஊறிய டோப்பாவும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. பிய்த்து எடுக்கப் பார்த்தாள். ஹெல்மெட் வாரின் கொக்கியில் முடி சிக்கிக்கொண்டு வர மறுத்தது.

காவலாளி சன்னாசி கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன தினேசு, கல்லுமலையில மொட்டையா? நல்லாருக்குலா."

அவளது ஒரு கையில் முடி தொங்கும் ஹெல்மெட். மறு கையில் கைப்பேசியை உயர்த்தி, வெறும் தலையோடு அதை நேராகப் பார்த்தாள். மிச்சம் பதினோரு விநாடி. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.