ஒரு சொல்லும் விடாமல்

அகதிகளாக வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் பாடம் சொல்லிக்கொடுக்க அந்த ஊர்க் கல்லூரி மாணவர்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள். நூலகத்தின் கீழ்த்தளத்தில், பழைய செய்தித்தாள் கட்டுகள் கிடந்த அறையை ஒழித்து இடம் பிடித்திருந்தார்கள். பாடம் முடியும் நேரத்துக்குப் பெற்றோர்களும் வந்து சேர்வார்கள். ஒருவருக்குப் பல் வலி, மருத்துவரிடம் சொல்லத் தெரியாது. இன்னொருவருக்கு வீட்டுக்காரரிடம் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேச வேண்டும். எல்லாருக்கும் சேர்த்து மொழிபெயர்த்துச் சொல்ல ஒரே ஆள்தான் இருந்தாள். நாக்கு என்றுதான் அவளைக் கூப்பிட்டார்கள். "எங்க நாக்கு எங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் அவர்களில் ஒருவரான வயதான தையல்காரர் படியிறங்குவார்.

அவளும் ஓடிவந்த குடும்பத்துப் பெண்தான். வரும்போது சிறு பிள்ளை. இந்த ஊர்ப் பேச்சைப் பள்ளி விளையாட்டுத் திடலில் அடியும் உதையும் வாங்கிக் கற்றுக்கொண்டாள். சொந்தப் பேச்சை மறக்க அம்மா விடவில்லை. இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

குழுவுக்குத் தலைவன் சட்டம் படிப்பவன். அவனுக்கு மைக்கு என்று பட்டப்பெயர். நல்ல கணீர்க் குரல். நாலு பேர் கூடிவிட்டால் பேசாமல் இருக்க மாட்டான். கெட்டவன் என்று அவனை யாரும் சொன்னதில்லை. அங்கே பாடத்துக்கு வரும் சிறுமி, ஒரு லாரி ஓட்டுநரின் மகள், கையை முறித்துக்கொண்டபோது பரீட்சையை விட்டுவிட்டு மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். நாக்கு அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த அண்ணாவிடம்தான் அவள் வாயை விட்டாள். ஒருநாள் மற்றவர்கள் போன பிறகு, தானமாக வந்த கோட்டுகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவைப் பற்றிக் கேட்டான். அப்பா கிளம்புவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார் என்றுதான் அம்மா எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். அது பொய் என்று நாக்குக்குத் தெரியும். சித்தியிடம் அம்மா போனில் அழுததை ஒருமுறை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தாள். லாரியில் இடம் இல்லை, அப்பாவுக்குக் கால் சரியில்லை, அவரைச் சாலையோரம் விட்டுவிட்டு வண்டி கிளம்பியது. அதைத்தான் சொன்னாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒரு சுமை இறங்கியதுபோல அன்று அவள் வீட்டுக்கு நடந்தாள்.

அம்மாவுக்கு மருத்துவமனை கான்டீனில் வேலை. கொஞ்ச காலம் கழித்து, அங்கே சமையலறைப் பொறுப்பில் இருந்த உள்ளூர்ப் பெண் வேலை நேரத்தில் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாளாம். புருஷனை நடுரோட்டில் விட்டுவிட்டு வர எப்படி மனசு வந்தது, பாவம், என்று எல்லார் முன்னாலும் அழுதாளாம். மைக்கு ஏதோ கூட்டத்தில் பேசியதை அவள் கேட்டிருக்கிறாள். அவன் பெயர் சொல்லவில்லை. கான்டீனில் தட்டுக் கழுவுகிற ஒரு தாய் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அந்த வேலையில் அங்கே இருந்தவள் அம்மா ஒருத்திதான்.

அம்மா வீட்டுக்கு வந்தாள். "யார்கிட்ட சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். மகள் சொன்னாள். அம்மா திட்டவில்லை, கை ஓங்கவில்லை. தலை வலிக்கிறது என்று போய்ப் படுத்துக்கொண்டாள். ஒரு அறை விட்டிருந்தால்கூட மகளுக்கு ஆறியிருக்கும். அந்தப் படுக்கையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள் ஒன்று இறுகியது. அவனைச் சும்மா விடக் கூடாது.

குழுவின் இணையப் பக்கத்தில் கிடந்த அவனுடைய பேச்சுகளை எல்லாம் தேடிக் கேட்டாள். ஒரு கோட்டுக்காகத் தையல்காரர் அவன் காலில் விழுந்தார் என்றான் ஒரு பேச்சில். உண்மையில் அவர் அந்தக் கோட்டின் கிழிசலைத் தைத்து வேறொருவருக்குக் கொடுத்தவர். மகளைத் தூக்கிக்கொண்டு வீதி வீதியாக ஓட்டுநர் பிச்சை கேட்டார் என்றான் இன்னொன்றில். இந்தப் பேச்சுகள் நடந்தபோதெல்லாம் இதே மனிதர்கள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் நாக்கு இருந்தாள். சுருக்கமாகச் சொன்னால் போதும் என்று மைக்கு சொல்லியிருந்தான். அவளும் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "நம்மளப் பத்தி நல்லதா சொல்றாரு, கை தட்டுங்க" என்றிருந்தாள். அவர்களும் தட்டியிருந்தார்கள். அவமானத்தை வாங்கிக்கொண்டு அதற்குக் கையும் தட்டியிருக்கிறார்கள்.

நேராக அவனிடம் போனாள். அவன் பதறவில்லை.

"பேரு சொன்னேனா நான்? உங்க அம்மா கதையக் கேட்டுத்தான் தூரத்துப் பிள்ளைங்க பாடத்துக்கு வர பஸ் குடுத்தாங்க. கத இல்லாம எவன் கதவத் தொறக்கிறான், சொல்லு?"

குழுவின் ஆண்டு விழாவில் அந்தக் கதையைச் சொல்லக் கூடாது என்றாள். சரி என்றான், தோளில் தட்டிக்கொடுத்தான். அவளும் சிரித்துவிட்டு வந்தாள். அவன் வாக்குக் காப்பாற்றுவான் என்று அவள் நம்பவில்லை. காப்பாற்றக் கூடாது என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள்.

விழா நகரத்தின் பெரிய அரங்கில். இந்த முறை முன்வரிசைக்கு மொழிபெயர்ப்பைக் கேட்கக் காதில் மாட்டிக்கொள்ளும் கருவிகள் வைக்க வேண்டும் என்று மைக்கு ஆசைப்பட்டான். படத்தில் பார்க்கப் பெரிதாக இருக்கும். மொழிபெயர்ப்பாளருக்கு அரங்கின் பின்னால் ஒரு கண்ணாடி அறை. "வழக்கம்போலச் சுருக்கமா" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டு மேடைக்குப் போனான்.

அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள் மகள். அம்மா கேட்கவில்லை. நல்ல உடுப்பை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, தையல்காரருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மைக்கு பேச ஆரம்பித்தான். நாக்கு ஒரு சொல்லையும் விடவில்லை. அவன் எங்கே குரலைத் தாழ்த்தினானோ அங்கே தாழ்த்தினாள், எங்கே தழுதழுத்தானோ அங்கே தழுதழுத்தாள். "அந்த முதியவர் என் காலைப் பிடித்துக்கொண்டார்" என்றபோது தையல்காரரின் கழுத்து விறைத்தது. கருவியைக் கழற்றிப் பார்த்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். ஓட்டுநர் திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தார். நிஜமாகவா என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை. அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் தித்தித்தது. மேடையில் இருந்தவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை. முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்து அவனுக்கு உற்சாகம்தான் கூடியது. அந்த உற்சாகத்தில் வாக்கு பறந்துபோயிற்று.

"இதே அரங்கில் ஒரு தாய் இருக்கிறார்" என்றான். "நடக்க முடியாத கணவரைச் சாலையோரம் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்த தாய்."

அவள் எதிர்பார்த்ததுதான். ஆனால் அம்மா அந்த வரிசையில் இருந்தாள், அவளைச் சுற்றி ஊரே இருந்தது. நாக்குக்கு வாய் எழவில்லை. கருவிகள் மௌனமாயின. ஒவ்வொருவராகக் காதைத் தட்டிப் பார்த்தார்கள். அம்மா மட்டும் திரும்பினாள். அவளுக்கு அந்த ஊர்ப் பேச்சு கொஞ்சம் புரியும்; அவன் என்ன சொன்னான் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். அத்தனை தலைகளுக்கு மேலாக மகளைப் பார்த்து, சொல்லு என்று தலையை ஆட்டினாள்.

மகள் சொன்னாள். திரும்பிப் பார்க்காமல் என்பதையும் சொன்னாள்.

அம்மா எழுந்து மேடைக்கு நடந்தாள். நன்றி சொல்லிக் கட்டிக்கொள்ள வருகிறாள் என்று மைக்கு நினைத்துக் கையை விரித்தான். படம் எடுப்பவர்கள் முன்னால் ஓடிவந்தார்கள். அம்மா அவன் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள். தன் பேச்சிலேயே பேசினாள். கண்ணாடி அறையில் இருந்தவள் அரங்கம் முழுக்கக் கேட்கும் பொத்தானை அமுக்கினாள்.

"நான் அவர விட்டுட்டு வரல. அவருதான் எங்களத் தூக்கி ஏத்திவிட்டாரு. வண்டி கெளம்புற வரைக்கும் முதுகக் காட்டிக்கிட்டு நின்னாரு. மொகத்தப் பாத்தா நான் எறங்கிருவேன்னு அவருக்குத் தெரியும். என் பொண்ணு அப்போ மடியில தூங்கிட்டு இருந்தா. அவகிட்டகூட இத நான் சொன்னதில்ல. காய்ச்சல்ல போனாருன்னு ஊருக்குச் சொன்னேன். அந்த ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும்னு நெனச்சேன். அதையும் இந்தப் பையன் வித்துட்டான்."

மொழிபெயர்ப்பவர்கள் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே நாக்கு, "என் மகளிடம்கூட இதை நான் சொன்னதில்லை" என்று அந்த ஊர்ப் பேச்சில், தன் வாயால், அரங்கம் கேட்கச் சொன்னாள். அப்பாவைப் பற்றிய உண்மை அப்படித்தான் அவளுக்குத் தெரியவந்தது. குரல் உடைந்தது. ஆனாலும் கடைசிச் சொல் வரை சொல்லி முடித்தாள்.

தையல்காரர் கருவியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அடுத்து ஓட்டுநர், அவர் மனைவி, அப்புறம் ஒவ்வொருவராக. யாரும் கத்தவில்லை. முன்வரிசை முழுக்கக் காலியாயிற்று. சின்னக் குழப்பம், மன்னிக்கணும், என்று மைக்கு எதையோ சொல்ல ஆரம்பித்தான். காலி நாற்காலிகளுக்கு அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள்.

அதற்குப் பிறகு அவனால் குழுவுக்குள் கால் வைக்க முடியவில்லை. மாணவர்களே அவனைப் போகச் சொல்லிவிட்டார்கள். பஸ் கொடுத்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். தூரத்துப் பிள்ளைகள் பாடத்துக்கு வர வழியில்லாமல் போயிற்று. அதில் ஓட்டுநரின் மகளும் ஒருத்தி. ஒரு ஆளைக் கவிழ்க்க எல்லாரையும் கவிழ்த்துவிட்டாய் என்று கூடப் படித்தவள் ஒருத்தி நாக்கின் முகத்துக்கு நேரே சொன்னாள். அது பொய்யில்லை என்று நாக்குக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அவளே வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தாள், முடிந்தவரை. ஆனால் செய்ததற்கு வருத்தப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கு அவர்கள் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். கையில் பழப் பை. அம்மா அவனை வாசலைத் தாண்ட விடவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றான். மகள் நடுவில் நின்று அதைச் சொன்னாள்.

அம்மா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி. உங்க அம்மாவப் பத்தி வெளிய யாருக்கும் தெரியாத ஒண்ணு இருக்கும்ல? அதச் சொல்லு. நாளைக்குக் கான்டீன்ல எல்லாருக்கும் நான் சொல்லுவேன். அப்புறம் மன்னிக்கிறதப் பத்திப் பேசலாம்."

மகள் அதை நிதானமாக அவனுக்குச் சொன்னாள். அவன் உதடு அசைந்தது. ஒன்று இருக்கிறது என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது; தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"முடியாது" என்றான், தரையைப் பார்த்து.

அம்மா மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. கதவைச் சாத்தினாள்.

மாடிப்படியில் அவன் காலடி மெதுவாக இறங்கிப்போனது. மகள் ஜன்னலுக்கு ஓடினாள். அவன் அழுகிறானா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. அழவில்லை; பழப் பையோடு சாலையைக் கடந்து போனான். அவளுக்கு அது போதவில்லை.

"சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பியாம்மா?"

"மாட்டேன்" என்றாள் அம்மா. "ஆனா அத யார்கிட்டயும் போய்ச் சொல்லியிருக்கவும் மாட்டேன்."

சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். மகள் அவன் போன திக்கையே பார்த்துக்கொண்டு ஜன்னலிலேயே நின்றாள்.