கூரையிலிருந்து திருத்தம் சொன்னவர்

மனித வரலாற்றில் எந்த இயந்திரத்தின் துணையும் இல்லாமல் புவியீர்ப்பை வென்ற முதல் மனிதர் எங்கள் ஊர்க்காரர். அவர் வென்ற தூரம் சோபாவிலிருந்து மின்விசிறி வரை. விசிறி அப்போது பழுதாகி நின்றிருந்ததால் வரலாறு மேற்கொண்டு தொடர்ந்தது.

அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்கு டிக்‌ஷனரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் காதில் விழுந்ததும் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, முகத்துக்கு நேராகவே அப்படி அழைக்கலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார். ஒரு புதன்கிழமை, மாலை ஏழு மணிச் செய்தியில், கோட்டுப் போட்ட இளைஞர் ஒருவர் அந்தக் கிழமையின் ஆங்கிலப் பெயரை ஓர் எழுத்தையும் வீணாக்காமல் 'வெட்-நெஸ்-டே' என்று வாசித்தார். டிக்‌ஷனரி நாக்கால் 'ச்சு' கொட்டியபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். நிமிர்ந்தவர் நிமிர்ந்துகொண்டே போனார். பக்கத்து அறையில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, சத்தம் கேட்டு, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு வந்து மேலே பார்த்தார். "இறங்குங்க, ஒட்டடையெல்லாம் சட்டையில ஒட்டுது" என்றார். அவரால் இறங்க முடியவில்லை. தூக்கத்தில்தான் மெல்ல மெல்ல இறங்கி, காலையில் பால் வரும் நேரத்துக்குச் சோபாவில் கிடந்தார்.

மருத்துவர் வந்து பார்த்தார். ஜன்னல்களைச் சாத்தி வைக்கவும், செய்தி பார்ப்பதை நிறுத்தவும் சொன்னார். முதலாவதற்கு நோயாளி சம்மதித்தார். "நானும் பார்க்கலைன்னா அவங்களை யார் டாக்டர் திருத்துறது?" என்று இரண்டாவதை மறுத்துவிட்டார். சில மாதங்களில், எந்தப் பிழைக்கு எவ்வளவு உயரம் என்ற கணக்கு பிடிபட்டது. யாராவது 'ரிட்டர்ன் பேக்' என்றால் சோபாவின் கைப்பிடி உயரம். 'டிஸ்கஸ் அபவுட்' என்றால் சுவரில் மாட்டிய திருமணப் படம் வரை. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் விவாத நிகழ்ச்சி என்றால் நேராகக் கூரைதான். மனைவி ஹோட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் கனத்த திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். காற்றுக்கு ஆடாமல் தொங்குவதற்காகக் கீழ் மடிப்புக்குள் ஈயக்குண்டு வைத்துத் தைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். அதே குண்டுகளைக் கணவரின் கால்சட்டை ஓரங்களிலும் வைத்துத் தைத்தார். அதனால் எழும்புவது நிற்கவில்லை. ஆனால் தலைகீழாகத் திரும்பாமல் மரியாதையாக எழும்பினார். தொலைபேசியைத் திரைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புவார்கள். அவர் கூரையில் முதுகை ஒட்டியபடி தொலைக்காட்சி நிலையத்தை அழைத்து அன்றைய தவறுகளைச் சொல்வார். அங்கே தொலைபேசி எடுக்கும் பெண் எதிரொலியை வைத்தே ஆளைக் கண்டுகொள்வாள். "சார், இன்னைக்கு ரொம்ப மேலயா?" என்று விசாரிப்பாள்.

இப்படிப்பட்ட விஷயம் ஒரு வீட்டோடு நிற்காது. முதலில் அவருடைய மேல் வீட்டு வக்கீல் எழும்பினார். பிறகு வங்கி மேலாளர், கல்லூரி முதல்வர், நகைக்கடை முதலாளி. ஊரில் பெரிய மனிதர் என்றால் ஏழு மணிக்குக் கால் தரையில் பாவக் கூடாது என்று ஆயிற்று. எழும்ப வராத சிலர் நீளமான கால்சட்டை தைத்து, உள்ளே ஸ்டூல் போட்டு நின்றார்கள். எல்லோருமாகச் சேர்ந்து மேலோர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நூலகக் கட்டடத்தின் கூடத்துக்குத்தான் ஊரிலேயே உயரமான கூரை என்பதால் கூட்டம் அங்கே நடக்கும். தொடங்கும் முன் ஒரு பழைய விவாத நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டுவார்கள். உறுப்பினர்கள் எழும்பியதும் தேநீர் கூடையில் வைத்து மேலே ஏற்றப்படும். டிக்‌ஷனரி ஒருமனதாகத் தலைவரானார். வக்கீல் செயலாளர்.

தலைவருக்கு மிகப் பிடித்த ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தது: எபிடோம். ஒரு குணத்துக்கு முழு உருவமாக நிற்பவர் என்று பொருள். பிரிவு உபசார விழாக்களில் யார் ஓய்வு பெற்றாலும் அவர் நேர்மையின் எபிடோம். பக்கத்து வீட்டு நாய் விசுவாசத்தின் எபிடோம். அதே நாய், அவருடைய செருப்பைக் கடித்த வாரத்தில், நன்றிகெட்டதனத்தின் எபிடோம். அவருடைய ஒரே மகள் பால்பல் விழுவதற்கு முன்பே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொல்லப் பழகியிருந்தாள்.

அந்த மகள்தான் வளர்ந்து அதே தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கச் சேர்ந்தாள். முதல் நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசியில் 'ப்ரொனன்சியேஷன்' என்று வர வேண்டிய இடத்தில் பதற்றத்தில் 'ப்ரொனவுன்சியேஷன்' என்று சொல்லிவிட்டாள். அதுவும் உச்சரிப்பைப் பற்றிய செய்தி. அப்பா எழும்பிய வேகத்தில் கூரையில் காரை பெயர்ந்தது. அவள் இனிப்புப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தபோது அவர் இன்னும் மேலேதான் இருந்தார்.

"முதல் நாள்ப்பா. நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நல்லா இருந்தா நான் ஏம்மா இங்க இருக்கேன்?"

மகள் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். பெட்டியைக் கட்டினாள். நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நான் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் சோபாவில உட்கார்ந்திருக்கட்டும். அன்னைக்கு வரேன்."

இரண்டு ஆண்டுகள் அந்த ஒரு நாள் வரவில்லை. மனைவி குண்டுகளைக் கூட்டிக்கொண்டே போனார். நடக்கும்போது கால்சட்டை கிண்கிணி என்று ஒலித்ததே தவிர ஏழு மணிக்குப் பயன்படவில்லை. டிக்‌ஷனரியும் தன்னால் ஆனதைச் செய்தார். சோபாவின் காலைப் பிடித்துக்கொண்டு பார்த்தார், சோபாவும் வந்தது. மகளின் அறையில் மனைவி துணிச் சுருள்களை அடுக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டார். "இடம் அடைஞ்சுட்டா அவ வரமாட்டா" என்றார். அன்று டிக்‌ஷனரி மேலேயிருந்து நிலையத்துக்குத் தொலைபேசி செய்யவில்லை.

பிறகு ஒரு நாள் ஊரின் தீயணைப்பு அலுவலர் ஓய்வு பெற்றார். மகள் அந்தச் செய்தியை அழகாக வாசித்து, அவர் வீரத்தின் எபிடோம் என்று முடித்து, புன்னகையோடு வணக்கம் சொன்னாள். டிக்‌ஷனரி சோபாவில் உட்கார்ந்திருந்தார். செய்தி முடிந்தது, அவர் இன்னும் உட்கார்ந்திருந்தார். "பார்த்தியா? ஒரு பிழை இல்ல. என் பொண்ணு" என்று கைப்பிடியைத் தட்டினார். அதே நேரத்தில் மேல் வீட்டில் வக்கீலின் தலை அவருடைய கூரையில் மோதியது. ஊர் முழுக்க அப்படி மோதியது. நகைக்கடை முதலாளி கடையின் சரவிளக்கில் சிக்கி, இறக்க ஏணி வர வேண்டியிருந்தது. ஏணியோடு வந்தவர் அன்று ஓய்வு பெற்ற அதே தீயணைப்பு அலுவலர்.

மனைவி அதற்குள் மகளை அழைத்துவிட்டார். "இன்னைக்கு எழும்பலடி. பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கார்." மகள் சொன்ன சொல் தவறாமல் மறுநாள் காலை பெட்டியோடு வந்தாள். வந்தவள் முகத்தில் கலகலப்பு இல்லை. சங்கம் அவசரக் கூட்டம் கூட்டுகிறது, அவளை வேலையிலிருந்து நீக்கத் தீர்மானம் போடுகிறது, விளம்பரம் எல்லாம் உறுப்பினர்களின் கடைகளிலிருந்து வருவதால் நிலைய முதலாளி மறுக்கமாட்டார் என்பதை அவள் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். எந்தச் சொல்லால் இது வந்தது என்பதையும் சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லாதம்மா. ரெண்டு வருஷத்துல நேத்துதான் உட்கார்ந்திருக்கார்."

தலைவர் இல்லாமல் தீர்மானம் செல்லாது என்பதால் டிக்‌ஷனரிக்கு அழைப்பு வந்தது. எபிடோம் என்று வாசித்த மகள்மேல் புகார் என்று அதில் இருந்தது; பொறாமை பிடித்த யாரோ கிளப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் போனார். கூட்டத்தைப் படம் பிடிக்க நிலையத்தில் வேறு ஆள் கிடைக்காததால் மகளே கேமராவோடு வந்து, கூடத்தின் நடுவில் நின்று, அதை மேல்நோக்கித் திருப்பி வைத்தாள். பழைய நிகழ்ச்சி ஓடியது. எல்லோரும் எழும்பினார்கள். தேநீர் ஏறியது.

"தலைவர் அவர்களே, அந்தச் சொல்லை நீங்களே கேட்டிருப்பீங்க" என்றார் வக்கீல்.

"கேட்டேன். எபிடோம். அதுல என்ன?"

நகைக்கடை முதலாளி தேநீரைப் பார்த்தார். வக்கீல் மெதுவாக மிதந்து அருகே வந்து, கால்சட்டையில் பொத்தான் போடாதவரிடம் சொல்லும் குரலில், "எபிட்டமி" என்றார்.

"என்னது?"

"எபிட்டமி சார். நாலு அசை. உங்க பொண்ணைக் கூப்பிட்டு யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்ததுன்னு நிலைய முதலாளி கேட்டிருக்கார். புத்தகத்துல பார்த்து நானா படிச்சுக்கிட்டேன்னு சொல்றா. திமிரைப் பாருங்க."

டிக்‌ஷனரி கீழே பார்த்தார். கேமராவுக்குப் பின்னால் மகளின் தலையில் வகிடு தெரிந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆங்கில அகராதியில் அவர் பார்க்காத பக்கம் இல்லை என்று ஊரே நம்பியது; அவரும் நம்பினார். ஆனால் தெரிந்த சொல்லை யார் போய்த் தேடுவார்கள்?

"புத்தகத்துல இல்ல" என்றார். "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

சொன்னதும் கால்சட்டை ஓரத்தில் இருந்த ஈயக்குண்டுகள் முதன்முதலாகத் தங்கள் வேலையைச் செய்தன. அவர் விழவில்லை. நல்ல திரைச்சீலை இறங்குவது போல, சுருக்கம் இல்லாமல், நேராக இறங்கி மகளின் பக்கத்தில் நின்றார். மகள் அப்போதுதான் நிமிர்ந்தாள். "ஒரு சந்தேகம் சார்" என்று மேலே பார்த்துக் கேட்டாள். "சங்கத்தோட ஆண்டு விழாவில அப்பா இதே வார்த்தையைத்தான் சொன்னார். நீங்கள்லாம் கைதட்டினீங்க. அன்னைக்கு ஏன் யாரும் எழும்பல?"

தலைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தோம் என்பதுதான் பதில். அதைச் சொல்வதைவிட இறங்குவது எளிது என்று இறங்கத் தொடங்கினார்கள். முதலில் வங்கி மேலாளர், பிறகு கல்லூரி முதல்வர், பிறகு தேநீர்க் கூடையோடு வக்கீல். ஸ்டூலில் நின்றவர்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவர்களுக்கு இறங்க வழியில்லை. சங்க விதிப்படி தரையில் போடும் தீர்மானம் செல்லாது என்பதால் கூட்டம் கலைந்தது. அன்றிரவு ஒளிபரப்பான அந்தப் படத்தை ஊரே பார்த்ததில் நிலைய முதலாளிக்கு விளம்பரம் பெருகி, மகளுக்குச் சம்பளம் உயர்ந்தது. அவள் வீட்டில் தன் பழைய அறையிலேயே தங்கிவிட்டாள். விசிறியைப் பழுது பார்த்தார்கள். வெயில் காலத்தில் அந்த வீட்டில் காற்று வந்தது.

இப்போதும் டிக்‌ஷனரி தினமும் ஏழு மணிச் செய்தி பார்க்கிறார். 'ரிட்டர்ன் பேக்' என்றாலும் 'டிஸ்கஸ் அபவுட்' என்றாலும் அசைவதில்லை. மகள் சில நாள் 'எபிட்டமி' என்று சரியாக வாசிப்பாள். அப்போது மட்டும் அவர் சோபாவிலிருந்து ஒரு விரல்கடை எழும்புகிறார். மனைவி கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளாமல், மடித்து வைத்த கனத்த திரைச்சீலை ஒன்றை அவர் மடியில் வைப்பார். வீட்டுக்குள் டிக்‌ஷனரி இன்னும் எபிடோம் என்றுதான் சொல்கிறார்.