எழுபத்தைந்தும் அறுபத்து மூன்றும்

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று பெரியவளைக் கேட்டால் சொல்வாள். தொலைபேசி நிலையத்துக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணை, அடக்கமானவள், கெட்டிக்காரி என்று வீட்டில் வாயாரப் புகழ்ந்து, தன் கொழுந்தனுக்குப் பேசி முடித்தவளே அவள்தான். இப்போது அந்த ஓரகத்திக்கு வீட்டில் அடுத்த அறை, வேலையில் அடுத்த மேசை.

வீட்டில் முதல் வாய் வைத்ததும் மாமியார், "இன்னிக்கு சின்னவ சமையலா?" என்று கேட்பார். ருசியாக இருந்தால் மட்டும்தான் கேட்பார்.

வேலையிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. தாமிரக் கம்பி லைன்கள் பெரியவளின் ராஜ்ஜியம். இரைச்சலைக் கேட்டே எங்கே ஈரம் புகுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். சின்னவளுக்குக் கண்ணாடி இழை. பழைய லைன்களை எல்லாம் இழைக்கு மாற்றும் திட்டம் அவள் கைக்குப் போனது. அதற்காக அவள் ஊழியர்களுக்கு வகுப்பெடுத்த வாரம் முழுக்கப் பெரியவளுக்கு மட்டும் தலைவலி. நான் பார்த்துக் கட்டிவைத்தவள் எனக்கே பாடம் நடத்துவதா? எரிந்தது வயிறுதான், தலை நன்றாகவே இருந்தது.

மாற்றி முடித்ததும் கம்பி அறையைப் பூட்டிவிடுவார்கள். இழை அறைக்குப் பொறுப்பாளர் ஒருவர்தான். மற்றவள் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து புகார் போன் எடுக்க வேண்டும். யார் எங்கே என்பதைத் திட்டக் கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் சொல்வதாக இருந்தது.

கூட்டத்துக்கு முன்னால் பெரியவள் அந்தத் திட்டத்தை வரிவரியாகப் படித்தாள். படித்தாள் என்பதைவிடப் பேன் பார்த்தாள் என்பதே சரி. கிடைத்தது! இழையின் ஒரு தடம் நொடிக்கு நூற்றைம்பத்தைந்து மெகாபிட் சுமக்கும். பழைய லைன் ஒன்றுக்கு இரண்டும் சொச்சமும். வகுத்தால் எழுபத்தைந்து லைன் போகும். சின்னவள் எழுதியிருந்தது அறுபத்து மூன்று. கால்குலேட்டரில் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாள். தடத்துக்குப் பன்னிரண்டு லைன் இடத்தை வீணடித்திருக்கிறாள் கெட்டிக்காரி. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்வாளா? பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கும்போது அதை எடுத்து அடுத்தவள் வாயிலா வைப்பாள்?

கூட்டத்தில் எல்லோரும் இருக்கும்போது கையைத் தூக்கினாள்.

"ஒரு சந்தேகம் சார். நூத்தம்பத்தஞ்சை ரெண்டு சொச்சத்தால வகுத்தா எழுபத்தஞ்சு வருது. இவ கணக்குல அறுபத்து மூணுதான் இருக்கு. மிச்சப் பன்னிரண்டும் எங்க போச்சுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். தலைமைப் பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்த அறுபத்து மூன்று, இழை வகுப்பின் முதல் பாடம். அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், தலைவலிக்காரியைத் தவிர.

சின்னவள் சட்டென்று எழுந்தாள். "நான்தான் சார் அக்காவைக் கேக்கச் சொன்னேன். எல்லாருக்கும் வர்ற சந்தேகம், கூட்டத்துலயே தெளிவாகிடட்டும்னு." பலகையில் கட்டங்கள் வரைந்தாள். "லைனை அப்படியே இழையில கொட்ட முடியாது. ஒவ்வொண்ணையும் ஒரு பெட்டியில வச்சு, அது எங்க இருக்குன்னு சீட்டு ஒட்டணும். ஒரு லைனோட கடிகாரம் முந்தும், இன்னொண்ணு பிந்தும். அதுக்கும் இடம் விடணும். மூணு பெட்டி ஒரு கட்டு, ஏழு கட்டு ஒரு மூட்டை, மூணு மூட்டை ஒரு தடம். அறுபத்து மூணு. மிச்சமெல்லாம் பெட்டிக்கும் சீட்டுக்குமே சரியாப் போயிடும்."

தலைமைப் பொறியாளர் மலர்ந்த முகத்தோடு பெரியவள் பக்கம் திரும்பினார். "அதானே பார்த்தேன்! உங்களுக்கா தெரியாது? அனுபவமும் இருக்கு, எதை எங்க கேக்கணும்னும் தெரியுது. இழை ரூமை நீங்களே பாத்துக்கங்கம்மா. சின்னவங்களுக்கு இன்னும் வயசிருக்கு."

ஆசைப்பட்ட நாற்காலி வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பெரியவள் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏளனமாகச் சிரித்திருந்தாலாவது தாங்கியிருப்பாள். அது நல்ல சிரிப்பு. சமையலில் ஜெயித்தாள், படிப்பில் ஜெயித்தாள், இப்போது நல்ல மனசிலுமா? பெரியவள் மறுபடியும் கையைத் தூக்கினாள்.

"அவ பொய் சொல்றா சார். என்னை யாரும் கேக்கச் சொல்லல. எனக்கு நிஜமாவே தெரியாது. இவ வகுப்புக்கு நான் போகல. இவ மாட்டணும்னுதான் கேட்டேன்."

இந்தத் தடவை யாரும் இருமவில்லை. தலைமைப் பொறியாளர் வேறு வழியில்லாமல் இழை அறையைச் சின்னவளுக்குக் கொடுத்தார்.

மாடிப்படியில் சின்னவள் ஓடிவந்து வழிமறித்தாள். "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? பேசாம இருந்திருந்தா உங்களுக்குத்தானே கிடைச்சிருக்கும்?"

"நீ தூக்கிப் போட்டு நான் பொறுக்கிக்கணுமா? அதுக்குக் கீழ போய் நாலு பேர்கிட்டத் திட்டு வாங்கலாம்."

"நான் அந்த ரூமைக் கேக்கவே இல்லையேக்கா. இந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டு வந்ததே நீங்கதான். நீங்க என்கிட்ட சிரிச்சுப் பேசி எத்தனை நாளாச்சு..." அழத் தொடங்கினாள்.

அந்த முகம் ஒரு தடவையாவது வாடாதா என்று இத்தனை வருஷம் காத்திருந்தவள் பெரியவள். நின்று நன்றாகப் பார்த்தாள். மூக்கு சிவக்கவில்லை, வாய் கோணவில்லை. அழும்போதும் அவள் அழகாகத்தான் இருந்தாள். அதைப் பொறுக்க முடியாமல் பெரியவள் தன் கைக்குட்டையால் அந்தக் கன்னத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்த கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள்.