பெனிட்டோவின் நம்பர்

கடன் கொடுக்கும் செயலி, உறவுக்காரர் ஒருவரின் நம்பரைக் கேட்டபோது, ரோஸ்மேரி கெட்டிக்காரத்தனமாகப் புருஷன் பெனிட்டோவின் நம்பரைப் போட்டாள். காசிமேட்டில் அவளோடு மீன் வெட்டும் பெண்கள் அக்கா, அண்ணன் நம்பரைக் கொடுத்துவிட்டு மானம் கப்பலேறி நின்றதைப் பார்த்தவள். பெனிட்டோவை எவன் மிரட்டுவான்? அவன் போன படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை, பதினாலு மாசமாகிறது. கடலுக்கடியில் போய்க் கத்தட்டுமே.

ஆனாலும் அந்த நம்பருக்கு மாசாமாசம் ரீசார்ஜ் போட்டாள். அதை வேறு எவனுக்காவது கொடுத்துவிடுவார்களே என்ற பதைப்பு. தினம் ஒரு தடவை அழைத்தும் பார்ப்பாள். ஸ்விட்ச் ஆஃப்.

தவணை தவறியதும் வசூல்காரன் வரதன் நாளுக்கு முப்பது தடவை கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வஞ்சிரத்தை அறுத்த கையோடு தெரியாமல் எடுத்துத் தொலைத்தாள்.

"உன் வூட்டுக்காரரு மரியாதையாப் பேசுறாரு. உனக்கு இன்னாம்மா திமிரு?"

"யாரு பேசுனது?"

"பெனிட்டோதான். பின்னால ஒரே தண்ணி சத்தம். வந்து கட்டுறேன்னாரு. பாப்பாக்கு காதுவலி வுட்டுச்சான்னு உன்னாண்ட கேக்கச் சொன்னாரு. நான் இன்னா போஸ்ட்மேனா?"

ரோஸ்மேரி கத்தியைக் கீழே வைத்தாள். அவன் படகேறிய அன்று மகள் பெனிஷா காதுவலியில் துடித்தாள். சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பயத்துக்கு நடுவிலும் வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷம் வந்தது.

உடனே அவளே அழைத்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

அதன்பிறகு வரதனின் அழைப்பை முதல் மணியிலேயே எடுத்தாள். ரொம்பக் குளிருதாம் என்றான் ஒருநாள். மறுநாள், கரை தெரியுதாம் என்றான்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு இஷ்ரத் மொத்தப் பணத்தையும் கொண்டுவந்து கொடுத்தாள். "மெதுவாத் திருப்பிக் குடு. இந்தப் பேஜாரை முதல்ல முடி."

ரோஸ்மேரி அதை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினாள். போன் அடித்தது. வரதனின் குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"கட்டிடும்மா. நீ கட்டிட்டா அந்த நம்பருக்கு நான் போன் போட வேணாம். எனக்கு பயமாக் கீது."

அவள் டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"காசு இல்லப்பா. நீ அவராண்டயே கேளு. அப்படியே, பாப்பாக்கு காது சரியாப்பூட்ச்சின்னு சொல்லிடு."