மூன்று பெயருக்கு ஒரே கோடு

கைருன் பீவிக்கு வெட்கம் என்பது எந்தக் கடையில் கிடைக்கும் என்றே தெரியாது. எனக்கோ அது தேவைக்கு மேலேயே இருந்தது. 1988இல் எங்கள் பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முகாம் போட்டபோது நான் கைருன் அக்காவிடம்தான் ஓடினேன். அடுத்த வீட்டு மரியம் பீவியும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"வூட்டுக்காரரு பேரு குடுத்துட்டாருக்கா. அங்க போயி படுத்தா வெக்கத்துல செத்தே பூடுவேன்" என்றேன்.

"இதுக்கு இன்னாடி அழுவுறே? எப்டியும் நான் போறேன். உங்க ரெண்டு பேருக்கும் சேத்து நானே குடுத்துட்டு வரேன்" என்றாள். கூலி, ஆளுக்கு ஒரு சட்டி நண்டுக் குழம்பு.

வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டால் எங்கள் தெருப் பெண்களைக் கட்டிய புருஷனுக்கே அடையாளம் தெரியாது. சென்னையிலிருந்து வந்த நர்ஸ் மேரிக்கு எப்படித் தெரியும்? அக்கா காலையில் தன் பெயரில் போனாள். பதினொரு மணிக்கு மரியமாகப் போனாள். சாப்பாட்டுக்குப் பிறகு, லேசாக நொண்டிக்கொண்டு, ஜைனம்புவாகப் போனாள். ஜைனம்பு என்பது நான்தான்.

"நான் எப்பக்கா நொண்டினேன்?"

"உனக்குன்னு ஒரு நடை வேணாமாடி?"

மூன்று வாரம் கழித்து ஒரு ஜீப் வந்தது. மேரியோடு வீரராகவன் என்ற இயற்பியல் பேராசிரியர் இறங்கினார். எங்கள் மூவரையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து, பெஞ்சில் மூன்று காகிதங்களை விரித்தார். முகாமில் கர்ப்பப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த செல்களை மற்றவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். இவர் புதிதாக ஒன்றை முயன்றுகொண்டிருந்தார். காயவைத்த செல்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை விட்டால், அதில் எவ்வளவை அவை விழுங்குகின்றன என்று இயந்திரத்தின் பேனா கோடு போட்டுக் காட்டும். நோய் பிடித்த செல் என்றால் கோடு வேறு இடத்தில் மேடு தட்டும் என்பது அவர் எண்ணம்.

"நாப்பது பேர்ல உங்க மூணு பேருக்கு மட்டும் ஒரே இடத்துல மேடு. மூணு பேரும் ஒரே தெரு! தண்ணியிலயோ சாப்பாட்டுலயோ என்னவோ இருக்கு" என்றார். ஏரித் தண்ணீரை அள்ளிப்போகப் பத்துப் பாட்டில் வேறு கொண்டுவந்திருந்தார்.

மரியம் என்னைப் பார்த்தாள். நான் கைருன் அக்காவைப் பார்த்தேன். மூன்று மேடும் அவளுடையது. அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"எறாதான் சார். இந்த வருசம் எறாவே சரியில்ல" என்றாள்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். என்னோடு வந்திருந்த என் வீட்டுக்காரர், இறால் வியாபாரி உமர், துள்ளி எழுந்தார்.

"என் எறாவுக்கு இன்னா சார் கொறை? ஊரே துண்ணுது!"

"வாரத்துல எத்தனை நாள்?" என்று கேட்டு வீரராகவன் பக்கத்தைத் திருப்பினார்.

"எறா கெடக்கட்டும் சார்" என்று மேரி குறுக்கே வந்தாள். "இந்தக் கோட்டை மட்டும் நம்ப முடியாது. மூணு பேரும் ஆஸ்பத்திரிக்கு வாங்க, சதை எடுத்துப் பாத்துடலாம்."

கைருன் அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"வாயத் தொறந்தே, கொன்னுடுவேன்" என்று காதில் சொன்னாள். பிறகு இன்னும் மெதுவாக, "பயமா இருக்குடி. நான் எங்கயும் வரல" என்றாள்.

அவள் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை நான் அதுவரை கேட்டதே இல்லை. அப்படியே எழுந்து நின்றேன்.

"மூணும் கைருன் அக்காவோடதுதான் சார்! நாங்க ரெண்டு பேரும் வரவே இல்ல! வெக்கமா இருந்துச்சு!" என்று கத்தினேன். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

உமர் என்னோடு மூன்று நாள் பேசவில்லை. தன் இறாலின் மானம் தப்பியதை நினைத்து நாலாம் நாள் பேசினார். பாவம் வீரராகவன், பத்துப் பாட்டிலையும் காலியாகவே ஜீப்பில் ஏற்றினார்.

பொன்னேரியில் ரயிலேறி மூவருமே சென்னைக்குப் போனோம். அக்காவை நடுவில் விட்டு, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். எனக்கும் மரியத்துக்கும் ஒன்றுமில்லை. அக்காவுக்கு இருந்தது. ஆரம்பம்தான் என்று சொல்லி அறுவை செய்து எடுத்துவிட்டார்கள்.

வார்டுக்குப் பார்க்க வந்த வீரராகவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "ஒருத்தருக்கு மட்டும் அந்த மேடு வந்திருந்தா, சாம்பிள் சரியா காயலன்னு நெனச்சு கிழிச்சுப் போட்டிருப்பேன்மா. மூணு வந்ததாலதான் ஜீப்பை எடுத்தேன்."

அக்கா அரைத் தூக்கத்தில் என் கையைப் பிடித்திருந்தாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் தைரியமாகப் போயிருந்தால் அவளை இழந்திருப்போம். அப்படிக் கோழையாக இருந்ததற்கு அல்லாவிடம் மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் நான் அழுதுகொண்டே இருந்தேன்.